பழைய ஃபிளாட்டிலேயே இருப்பதா, ஓ.எம்.ஆர். போவதா, தனி வீட்டு மாடியா: சென்னையில் மூன்றிலும் வாடகைக்கு இருந்தவன் கணக்கு

போன மாதம் என் அத்தை மகன் மேற்கு மாம்பலத்திலிருந்து போன் செய்தான். "பாத்ரூம் சீலிங் மறுபடியும் ஒழுகுதுண்ணா. பேசாம ஓ.எம்.ஆர். பக்கம் போயிடலாமா, இல்ல நங்கநல்லூர்ல ஒரு மாடிப் போர்ஷன் வருது, அதைப் பிடிச்சிடலாமா?" இந்த வருஷத்தில் இதே கேள்வியைக் கேட்கும் நான்காவது ஆள் அவன். நான்கு பேருமே 1980களிலோ 90களிலோ கட்டிய, லிஃப்ட் இல்லாத, எட்டு அல்லது பத்து வீடுகள் உள்ள பழைய ஃபிளாட்டில் இருப்பவர்கள், நான்கு பேருக்குமே கூரையிலோ குழாயிலோ ஏதோ ஒன்று ஒழுகுகிறது.

நான் மூன்றிலும் இருந்திருக்கிறேன். மாம்பலத்தில் பழைய ஃபிளாட் ஏழு வருஷம், நங்கநல்லூரில் ஒரு தனி வீட்டு மாடி இரண்டரை வருஷம், ஓ.எம்.ஆரில், அதாவது பழைய மகாபலிபுரம் சாலையில், நீச்சல் குளமும் வாசல் கேட்டில் நாலு காவலாளிகளும் உள்ள வளாகம் மூன்று வருஷம். இப்போது மறுபடியும் மாம்பலத்தில், பழைய வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இன்னொரு பழைய ஃபிளாட். ஏன் திரும்பி வந்தேன் என்பது கீழே வரும், அதனால் நான் நடுநிலை ஆள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

## எதை வைத்துப் பார்ப்பது

வீடு பார்க்கப் போகிறவர்கள் வாடகை, படுக்கையறை எத்தனை, கார் நிறுத்த இடம், அப்புறம் டைல்ஸ் என்ன நிறம், இவ்வளவுதான் பார்க்கிறார்கள். நான் ஐந்து விஷயம் பார்ப்பேன்.

1. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்தக் குழாய் வழியாக வருகிறது.
2. கட்டடத்தின் உடம்பு எப்படி இருக்கிறது: ஒழுகல், ஓதம், கம்பித் துரு, வயரிங்.
3. ஏதாவது உடைந்தால் "செய்" என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, பணம் யார் பாக்கெட்டிலிருந்து வரும்.
4. வாடகை போக மாதம் எவ்வளவு போகிறது, போக்குவரத்தையும் சேர்த்து.
5. யாரும் காலி செய்யச் சொல்லாமல் எத்தனை வருஷம் இருக்கலாம்.

ஐந்தில் மூன்றாவதுதான் எடை கூடியது. மாம்பலத்தில் எங்கள் வீட்டுக் குழாய் வளைவு (எல்போ) உடைந்தபோது அதை மாற்ற ஆன செலவு கூலியோடு 650 ரூபாய், ஆனால் அதற்குச் சரி என்று சொல்ல வேண்டியவரைப் பிடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் வாளி வைத்துக்கொண்டு இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வீட்டுக்கு வயதாகிவிட்டதால் வரும் தொல்லையை விட, கேட்பதற்கு ஆள் இல்லாத வீட்டால் வரும் தொல்லை பெரியது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் ஒரு தடவை தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. தமிழ்நாட்டில் 2017-ல் நிறைவேறிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். யார் எதைச் சரி செய்ய வேண்டும் என்று அதில் ஒரு அட்டவணையே இருக்கிறது. கட்டட அமைப்பு சார்ந்த பழுது, வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், தேய்ந்த குழாய்களை மாற்றுவது, வயரிங், இதெல்லாம் வீட்டுக்காரர் தலையில். குழாய் வாஷர், சுவிட்ச், பிளக், கீசர், சிங்க், அடைத்துக்கொண்ட சாக்கடை, ஜன்னல் கண்ணாடி, இதெல்லாம் குடியிருப்பவர் தலையில். முன்பணம் மூன்று மாத வாடகை என்றும் சொல்கிறது, ஆனால் வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொண்டால் அது செல்லும் என்ற வாசகமும் கூடவே இருப்பதால் பத்து மாதம் கேட்பவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் சென்னை வழக்கத்துக்கும் அந்த அட்டவணைக்கும் எவ்வளவு தூரம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

## பழைய ஃபிளாட்டிலேயே இருந்துவிடுவது

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒழுகும்போது அது மறந்து போகும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், இரண்டு பக்கமும் ஜன்னல், தெருவில் ஒரு வேப்பமரம், நடந்து போகும் தூரத்தில் ரயில் நிலையம், காய்கறி, மருந்துக் கடை, டாக்டர். வீட்டுக்கு வீடு தனி மின்இணைப்பு. நிலத்தடியில் மெட்ரோ வாட்டர் குழாயும் பாதாளச் சாக்கடையும் ஏற்கெனவே இருக்கிற பகுதி. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரியும் வறண்டு போனபோது நாங்களும் லாரிக்குக் குடத்தோடு நின்றோம்தான், ஆனால் ஏரியில் தண்ணீர் வந்ததும் குழாயில் தண்ணீர் வந்தது. குழாயே போடாத இடத்தில் இருப்பவருக்கு அந்த வசதி கிடையாது.

தண்ணீர். தெருக் குழாயிலிருந்து சம்பு என்ற நிலத்தடித் தொட்டி, சம்பிலிருந்து மோட்டார் வழியாக மொட்டை மாடி டேங்க், டேங்கிலிருந்து எல்லா வீட்டுக்கும் ஒரே ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். முப்பது நாற்பது வருஷத்தில் அந்தப் பைப்பின் உள்பக்கம் துருவேறி, முக்கால் அங்குல வழி பென்சில் அளவுக்குச் சுருங்கியிருக்கும். காலையில் முதல் வாளித் தண்ணீர் டீ நிறத்தில் வந்தால் இதுதான். மேல் மாடியில் ஷவர் சொட்டுவதும் பெரும்பாலும் இதனால்தான், புது ஷவர் வாங்கி மாட்டி ஒரு பயனும் இல்லை. நிற்கும் பைப் முழுவதையும் பிளாஸ்டிக்கில் மாற்றினால்தான் தீரும், அது பொதுச் செலவு, எட்டு வீட்டுக்காரரும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

தரைத்தளம் என்றால் இன்னொன்று பாருங்கள். இருக்கிற ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் பல பழைய தெருக்களில் ரோடு வீட்டு வாசலை விட உயர்ந்துவிட்டது. சம்பு மூடி தெரு மட்டத்துக்குக் கீழே இருந்தால் பெருமழையில் என்ன கலக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பழைய கட்டடத்தில் முதல் மாடிதான் என் சாய்ஸ், வயதானவர்கள் இருந்தாலும் கூட. ஒரு மாடி ஏறுவது சம்பு கழுவுவதை விடச் சுலபம்.

கட்டடம். சன்ஷேடுக்கும் பால்கனிக்கும் அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். கம்பி போகிற கோட்டில் பழுப்பு நிறக் கறையோ நீளமான விரிசலோ இருந்தால் உள்ளே துரு ஆரம்பித்துவிட்டது. இரும்பு துருவேறினால் பருக்கும், பருத்தால் மேலே இருக்கும் கான்கிரீட்டை வெளியே தள்ளும், கடற்காற்று ஊரில் இது கொஞ்சம் சீக்கிரமே நடக்கும். இதைச் சரி செய்ய, உதிர்ந்த பகுதியைக் கொத்தி எடுத்து, கம்பியைத் தேய்த்து, துருத்தடுப்புப் பூசி, அதற்கென உள்ள கலவை வைத்து மூட வேண்டும். வெறும் சிமென்ட் பூசி மேலே பெயின்ட் அடித்துவிட்டு "ரினொவேட் பண்ணியாச்சு" என்பார்கள், இரண்டு மழைக்குள் அதே இடம் பொரிந்து கொட்டும். விரலால் தட்டிப் பாருங்கள், டொக் டொக்கென்று உள்ளே காலியாகக் கேட்டால் புதுப் பெயின்டை நம்பாதீர்கள்.

மேல் மாடி என்றால் மொட்டை மாடிக்கு ஏறிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. மேலே பதித்த தட்டோடுகள் பெயர்ந்து, இடுக்கில் செடி முளைத்திருந்தால் உங்கள் படுக்கையறையில் மழை வரும், வெயிலும் வரும். வெயிலுக்கு ஒரு செலவு இருக்கிறது. மின்கட்டண அடுக்கில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்கிலிருந்த சலுகை விலையும் போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும், மேல் மாடியில் இரண்டு ஏ.சி. ஓடினால் மே மாதத்தில் அந்தக் கோட்டைத் தாண்டாமல் இருப்பது கஷ்டம்.

இனி என் அத்தை மகன் கேட்ட விஷயம், மேல் வீட்டுக் குளியலறை. பழைய ஃபிளாட்டின் தலையாய வியாதி இது. குளியலறைத் தளத்தைக் கொஞ்சம் தாழ்த்தி வார்த்து, குழாய்களைப் போட்டு, மேலே செங்கல் உடைசல் நிரப்பி டைல்ஸ் பதித்திருப்பார்கள். வருஷங்கள் போனதும் தண்ணீர் வெளியேறும் தரை ட்ராப்பின் இணைப்பு விட்டுப்போகும், டைல்ஸ் இடுக்குக் கலவை கரையும், தண்ணீர் அந்த உடைசலுக்குள் தேங்கி நின்று நிதானமாக உங்கள் சீலிங்குக்கு வரும். அதை உங்கள் வீட்டுக்குள் நின்று சரி செய்யவே முடியாது, மேலே உடைத்தாக வேண்டும். அதாவது கஷ்டப்படுவது நீங்கள், உடைக்க வேண்டியது மேல் வீடு, பணம் கொடுக்க வேண்டியது அந்த வீட்டு ஓனர். எங்களுக்கு வந்தபோது எங்கள் ஓனர் அமெரிக்காவில், மேல் வீட்டு ஓனர் கோயம்புத்தூரில், மேலே குடியிருந்த மாமியோ "எங்காத்து பாத்ரூம் நன்னாத்தானே இருக்கு, எதுக்கு உடைக்கணும்?" என்கிறார். அவர் கேட்டதிலும் தப்பில்லை, பத்து நாள் குளிக்க இடமில்லாமல் இருக்கப் போவது அவர்தானே. பிளம்பர் வந்து ட்ராப்பை அடைத்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கட்டி வைத்து, எங்கள் சீலிங்கில் ஈரம் பரவுவதை அந்த மாமியைக் கூட்டி வந்து காட்டிய பிறகுதான் பேச்சு நகர்ந்தது. மொத்தம் ஐந்து மாதம்.

வயரிங்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: மெயின் போர்டில் இன்னும் பீங்கான் ஃபியூஸ் கேரியர் இருந்தால், மூன்று துளை பிளக்கில் எர்த் உண்மையாகவே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் கீசரும் ஏ.சி.யும் போடாதீர்கள். இதில் விளையாட்டு வேண்டாம்.

யார் கேட்பது. சின்ன ஃபிளாட்டின் சங்கம் என்பது பெரும்பாலும் முதல் மாடியில் இருக்கும் ஓய்வு பெற்ற ஒரு சார். எட்டு வீட்டில் ஆறு வாடகைக்கு விட்டிருந்தால் முடிவெடுக்க வேண்டிய ஆறு பேர் வேறு ஊரில். மாத மெயின்டனன்ஸ் வாட்ச்மேனுக்கும் பொது விளக்குக்கும் போய்விடும், கையிருப்பு நிதி இருக்காது, மோட்டார் எரிந்தால் அன்றைக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல். அந்த வசூலை உங்களிடம் கேட்பார்கள். மாதா மாதம் ஓடும் செலவு குடியிருப்பவருக்கு, புது மோட்டார், டேங்க் பழுது, வெளிச்சுவர் பெயின்ட் ஓனருக்கு என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள். நான் முதல் வீட்டில் எழுதவில்லை, ஒரு மோட்டாருக்குப் பங்கு கொடுத்திருக்கிறேன்.

பொது விளக்கு, மோட்டார் மின்கட்டணத்தில் ஒரு விஷயம். 2022-ல் அடுக்குமாடிகளின் பொது இணைப்புக்கு யூனிட் 8 ரூபாய் ஆக்கினார்கள், 2023-ல் பத்து வீட்டுக்குள், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு மட்டும் 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள். அதற்கப்புறம் கட்டணம் கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் சின்னக் கட்டடத்துக்குத் தனி வகை என்பது இருக்கிறது. உங்கள் கட்டடம் அந்த வகையில் மாற்றப்பட்டதா என்று ரசீதைப் பாருங்கள். கேட்டால்தான் மாறும் காரியங்களில் இதுவும் ஒன்று.

எத்தனை வருஷம். பழைய ஃபிளாட்டில் இப்போது பெரிய ஆபத்து ஒழுகலே கிடையாது, இடிப்பு. 2019-ல் வந்த கட்டட விதிகள் சாதாரணக் கட்டடங்களுக்கான தளப்பரப்புக் குறியீட்டை 1.5-லிருந்து 2 ஆக்கின, அதாவது அதே மனையில் கூடுதல் சதுர அடி கட்டலாம். இடித்துக் கட்டினால் ஓனருக்குப் புது வீடு, பில்டருக்கு விற்கக் கூடுதல் வீடுகள். முன்பெல்லாம் ஒரே ஒரு ஓனர் முரண்டு பிடித்தாலும் நின்றுபோகும். 2024-ல் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடி உரிமைச் சட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஓனர்கள் சம்மதித்தால் போதும் என்று ஆகிவிட்டது. மாம்பலத்திலும் அண்ணா நகரிலும் தெருவுக்கு ஒரு கட்டட வேலைப் பச்சை வலை தொங்குவதற்குக் காரணம் இதுதான். அந்தக் கூட்டத்தில் வாடகைக்காரருக்கு நாற்காலி கிடையாது.

இதன் மறைமுக விளைவைத்தான் பலர் கவனிப்பதில்லை. இரண்டு வருஷத்தில் இடிக்கப் போகிறோம் என்று நினைக்கிற ஓனர் ஒரு ரூபாய் கூடப் பழுதுக்குப் போட மாட்டார். பைப் மாற்ற ஆறு மாதமாக இழுத்தடிக்கிறார்கள் என்றால் கஞ்சத்தனம் என்று நினைக்காமல், "பில்டர் யாராவது வந்து பேசினாங்களா சார்?" என்று அந்த முதல் மாடி சாரிடம் கேட்டுப் பாருங்கள். ஆமாம் என்றால் இரண்டு வழி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால் இப்போதே கிளம்புங்கள். ஒன்றரை வருஷம் போதும் என்றால் வாடகையைக் குறைக்கச் சொல்லிவிட்டு அங்கேயே இருங்கள், அதை விட மலிவாக நகரத்துக்குள் வீடு கிடைக்காது.

## ஓ.எம்.ஆர். வளாகம்

முதல் மாதம் சொர்க்கம் மாதிரி இருக்கும். லிஃப்ட், ஜெனரேட்டர், குழந்தைகள் ஓட இடம். ஆப்பில் புகார் போட்டால் இரண்டு மணி நேரத்தில் பிளம்பர் கதவைத் தட்டுகிறார். மூன்றாவது அளவுகோலில் மூன்றுக்குள் இதற்குத்தான் அதிக மதிப்பெண், சந்தேகமே இல்லை. ஓனர் சிங்கப்பூரில் இருந்தாலும் வளாக அலுவலகம் இருக்கிறது.

தண்ணீரில்தான் வாங்குகிறது அடி. பல வளாகங்கள் இன்றைக்கும் டேங்கர் லாரியை நம்பித்தான் ஓடுகின்றன, போர்வெல் தண்ணீர் உப்பு, குளித்தால் சோப்பு நுரைக்காது, கீசர் காயிலில் சுண்ணாம்பு போலப் படியும், வாஷிங் மெஷினுக்கு வருஷம் ஒரு தடவை வைத்தியம். கோடையில் லாரி விலை ஏறினால் அது "கூடுதல் தண்ணீர் கட்டணம்" என்ற பெயரில் ஏப்ரல், மே ரசீதில் வரும். ஒப்பந்தத்தில் மெயின்டனன்ஸ் ஒரு நிலையான தொகை என்று எழுதியிருந்தாலும் வரும். கழிவுநீரை வளாகத்துக்குள்ளேயே சுத்திகரித்து ஃபிளஷுக்கு விடுவார்கள், நல்ல ஏற்பாடு, ஆனால் அந்த நிலையத்துக்கு மேல் காற்று வீசும் பக்கம் உங்கள் பால்கனி இருந்தால் மாலையில் கதவைத் திறக்க முடியாது. வீடு பார்க்கும்போது அது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள், யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள்.

மெயின்டனன்ஸ் கணக்கிலும் ஒரு சூட்சுமம். எங்களுக்குச் சதுர அடிக்கு 3 ரூபாய் 75 காசு, 1,150 சதுர அடிக்கு மாதம் 4,300 ரூபாய் சுற்றி. ஆனால் வீட்டுக்குள் நாடா வைத்து அளந்தால் 800 சதுர அடி கூட வரவில்லை, மிச்சம் லிஃப்டுக்கும் வராந்தாவுக்கும் நான் கட்டும் பங்கு. நீச்சல் குளத்தில் மூன்று வருஷத்தில் நான் இறங்கியது நான்கு தடவை.

புதுக் கட்டடம் ஒழுகாது என்பதும் பாதி உண்மைதான். குழாய்கள் போகும் ஷாஃப்ட்டில் ஒரு இணைப்பு விட்டால் நாலு மாடிக்கு ஈரம், வடகிழக்குப் பருவமழைச் சாரல் நேராக அடிக்கும் சுவரில் மயிரிழை விரிசல் இருந்தால் உள்ளே உப்புப் பூக்கும்.

வெள்ளம் தனி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நாங்கள் அங்கேதான் இருந்தோம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதி, வேளச்சேரி, பெரும்பாக்கம் எல்லாம் மூழ்கியது உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் நாலாவது மாடிக்குள் ஒரு சொட்டு வரவில்லை, ஆனால் பேஸ்மென்டில் தண்ணீர், மின்சாரம் இல்லை, அதனால் லிஃப்டும் மோட்டாரும் இல்லை, வெளியே போக ரோடும் இல்லை. வாளியோடு நாலு மாடி ஏறிய அந்த மூன்று நாளில்தான் லிஃப்ட் இல்லாத மாம்பலம் வீடு நினைவுக்கு வந்தது.

மறைந்திருக்கும் செலவில் பெரியது நேரம். என் அலுவலகம் நுங்கம்பாக்கத்தில், மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்ட ரோட்டில் ஒரு நாளைக்கு இரண்டே கால் மணி நேரம். சோழிங்கநல்லூரிலோ சிறுசேரியிலோ வேலை என்றால் நான் சொன்ன இந்தக் குறையே கிடையாது, அப்படியே தலைகீழ். மாம்பலத்திலிருந்து தினம் சிறுசேரி போகிறவர்தான் இரண்டு மடங்கு முட்டாள்தனம் செய்கிறார்.

## தனி வீட்டு மாடிப் போர்ஷன்

கீழே ஓனர், மேலே நாம். குழாய் உடைந்தால் மொட்டை மாடியிலிருந்தே "அங்கிள், தண்ணி கொட்டுது" என்றால் போதும், பத்து நிமிஷத்தில் அவருடைய ஆஸ்தான பிளம்பர் வந்துவிடுவார். தன் வீடு என்பதால் பழுதை வளரவிட மாட்டார். நங்கநல்லூர் ஓனர் ஒவ்வொரு ஆடி மாதமும் மழைக்கு முன்னால் தட்டோடு இடுக்கைத் தானே உட்கார்ந்து பூசுவார். மழைநீர் சேமிப்புக் குழியையும் வருஷா வருஷம் தூர் வாருவார். 2003-லிருந்து எல்லாக் கட்டடத்துக்கும் அது கட்டாயம்தான், உயிரோடு இருக்கும் குழியை நான் பார்த்தது அந்த ஒரு வீட்டில்தான்.

பகுதியைப் பொறுத்தும் இருக்கிறது. நங்கநல்லூர் ஆலந்தூர் நகராட்சியாக இருந்த காலத்திலேயே வீட்டுக்காரர்களிடம் முன்கூட்டிப் பணம் வாங்கிப் பாதாளச் சாக்கடை போட்ட இடம். எல்லாப் புறநகரும் அப்படி இல்லை, செப்டிக் டேங்க் வீடு என்றால் லாரி எத்தனை மாதத்துக்கு ஒரு முறை வருகிறது, அதற்கு யார் கொடுப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே மறைந்திருக்கும் செலவு சப்மீட்டர். வீட்டுக்கு ஒரே மின்இணைப்பு, மாடிக்கு ஒரு சப்மீட்டர், யூனிட்டுக்கு எட்டு ரூபாய். தனி இணைப்பு இருந்தால் முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த அடுக்குகளும் மலிவு, இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடினால் 1,200 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். சப்மீட்டரில் அதே 400 யூனிட்டுக்கு 3,200. மாதம் ஆயிரம் ரூபாய் வித்தியாசம், வாடகை குறைவு என்று சந்தோஷப்பட்டதில் ஒரு பகுதி இங்கே போய்விடும்.

இன்னொரு விலையை ரூபாயில் சொல்ல முடியாது. மோட்டார் சுவிட்ச் ஓனர் கையில். ராத்திரி பத்தரைக்கு கேட் பூட்டு. விருந்தாளி இரண்டு நாளுக்கு மேல் தங்கினால் "ஊர்ல இருந்து வந்திருக்காங்களா?" என்று ஒரு விசாரிப்பு. மீன் குழம்பு வைப்பவர்கள் வீடு பார்க்கும்போதே கேட்டுவிடுங்கள், பின்னால் மனக்கசப்பு வேண்டாம். நாங்கள் காலி செய்தது எந்தச் சண்டையாலும் இல்லை, ஓனர் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று, மாடி தேவைப்பட்டது. இரண்டு மாதம் அவகாசம், கூடவே கல்யாணப் பத்திரிகை.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

இந்த வருஷம் தெரிந்தவர்களுக்காக விசாரித்ததிலிருந்து போட்ட கைக்கணக்கு, இரண்டு படுக்கையறை வீடு, வேலை நகரத்துக்குள். உங்கள் தெருவில் மாறும்.

| | பழைய ஃபிளாட், மாம்பலம் | ஓ.எம்.ஆர். வளாகம் | தனி வீட்டு மாடி, நங்கநல்லூர் |
|---|---|---|---|
| வாடகை | 23,000 | 26,000 | 18,000 |
| மெயின்டனன்ஸ் | 2,000 | 4,300 | இல்லை |
| மின்சாரம், மாதத்துக்கு | 600 | 600 | 1,600 |
| போக்குவரத்து | 1,500 | 5,000 | 2,500 |
| மொத்தம் | 27,100 | 35,900 | 22,100 |
| தண்ணீர் | குழாய் உண்டு, பைப் பழசு | லாரி, உப்பு | போர்வெல், குழாய், மோட்டார் சுவிட்ச் ஓனரிடம் |
| பழுதுக்கு ஆள் | தேட வேண்டும் | ஆப்பில் கிடைக்கும் | கீழே இருக்கிறார் |
| காலி செய்யும் பயம் | இடிப்பு | ஓனர் விற்பது | ஓனர் குடும்பத் தேவை |

இதில் சேராதது வீடு மாறும் செலவு. தரகருக்கு ஒரு மாத வாடகை, பழைய வீட்டில் பெயின்டிங் என்று பிடிக்கும் ஒரு மாதம், லாரியும் ஆட்களும் பன்னிரண்டாயிரம். மாம்பலத்திலிருந்து ஓ.எம்.ஆர். போக 61,000 ரூபாய் ஆகும், பீரோ சைஸுக்குப் பொருந்தாத அலமாரி, புது வேன் கட்டணம் எல்லாம் போக. என் அத்தை மகன் வீட்டுக் குளியலறையை மேலே உடைத்துச் சரி செய்ய பிளம்பர் சொன்ன தொகை 18,000. அதை யார் கொடுப்பது என்று இரண்டு ஓனர்களும் இழுத்துக்கொண்டிருக்க, இவன் 61,000 செலவழித்து ஓடப் பார்க்கிறான்.

## யாருக்கு எது

பிள்ளைகள் பள்ளி அருகில், வேலை நகரத்துக்குள், இடிப்புப் பேச்சு இல்லை என்றால் பழைய ஃபிளாட்டில் இருங்கள், சண்டை போட்டாவது பைப்பை மாற்ற வையுங்கள். வேலை ஓ.எம்.ஆரிலேயே, இருவரும் சம்பாதிக்கிறீர்கள், முட்டி வலியோடு ஒரு பெரியவர் வீட்டில் இருக்கிறார் என்றால் வளாகம்தான், ஆனால் மேட்டுப் பகுதியாகப் பார்த்து, 2015-லும் 2023-லும் வாசலில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று காவலாளியிடம் கேட்டுவிட்டு. புதுசாகக் கல்யாணமானவர்கள், பணம் சேர்க்க நினைப்பவர்கள், இரண்டு மூன்று வருஷத்துக்கு மட்டும் என்றால் மாடிப் போர்ஷனை விட மிச்சம் பிடிக்கும் வழி கிடையாது. அசைவம், விருந்தாளிகள், லேட் நைட் ஷிஃப்ட் என்ற மூன்றில் இரண்டு இருந்தால் அதை மறந்துவிடுங்கள்.

அத்தை மகனிடம் நான் சொன்னது இது: மேல் வீட்டு ஓனருக்கும் உன் ஓனருக்கும் ஒரே வாட்ஸ்ஆப் குழு ஆரம்பி, ட்ராப்பை அடைத்துத் தண்ணீர் கட்டிய சோதனையை வீடியோ எடுத்துப் போடு, வாடகைச் சட்ட அட்டவணையில் குழாயும் கட்டடப் பழுதும் யார் பொறுப்பு என்ற பக்கத்தையும் போடு, "பணத்தை இப்போதைக்கு நான் போடுகிறேன், ஆறு மாத வாடகையில் மூவாயிரம் மூவாயிரமாகக் கழித்துக்கொள்கிறேன்" என்று சொல். பணம் உடனே வெளியே போகாது என்றால் வெளியூர் ஓனர்கள் ஆச்சரியமாகச் சீக்கிரம் சம்மதிப்பார்கள். இப்போது நானிருக்கும் வீட்டில் பைப் மாறியது அப்படித்தான்.

நேற்று மெசேஜ் போட்டிருந்தான். கோயம்புத்தூர்க்காரர் மாதிரியே இந்த மேல் வீட்டு ஓனரும் முதலில் பதிலே போடவில்லையாம், வீடியோ பார்த்துவிட்டு "அடுத்த வாரம் ஆள் அனுப்புறேன்" என்றாராம். நங்கநல்லூர் வீட்டுக்கு டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதை அந்த அடுத்த வாரம் வரைக்கும் தள்ளிப் போடச் சொல்லியிருக்கிறேன்.